ஒரே நிலத்தில் இரு துவக்குகள்: இங்கிலாந்தின் வேட்டை அனுமதி பற்றிய ஒரு நோக்கு

இலையுதிர்காலத்து மாலைப்பொழுதொன்றில், இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக் கமமொன்றின் வேலியோரத்தில் துவக்கேந்திய இருவர் எதிர்ப்படுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இங்கு வேட்டையாட அனுமதித்தவர் யார் என்று இருவரும் வினவுவர். ஒருவர் குத்தகைக் கமக்காரரைச் சுட்டுவார். மற்றவர் நிலவுடைமையாளரின் முகவரைச் சுட்டுவார். இருவரும் மெய்யே உரைக்கின்றனர். ஆயினும் அன்று மாலை அவ்வயலில் நிற்கும் உரிமை எவருக்கு என்பது தெளிவாவதில்லை. கனவான்களின் பொழுதுபோக்குச் சார்ந்த அற்ப விடயம் இதுவென ஒதுக்கிவிடத் தோன்றலாம். அவ்வாறு ஒதுக்குவது தவறு என்பதே எமது கருத்து. மேற்படி சந்திப்பின் பின்னணியில் மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட நிலவுறவு வரலாறு உண்டு.

1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், ஆண்டொன்றுக்கு 100 பவுண் வருவாய் தரும் சொந்த நிலமுடையோருக்கும் வேறு சில உயர்குடியினருக்கும் மட்டுமே வேட்டையுரிமையை வழங்கியது. அக்காலத்தில் மாவட்டப் பிரதிநிதியைத் தெரிவுசெய்ய வாக்களிப்பதற்கு 40 சிலிங் வருவாய் தரும் நிலம் போதுமானதாயிருந்தது. கவுதாரியொன்றைக் கொல்வதற்கு வாக்களிப்பதைக் காட்டிலும் ஐம்பது மடங்கு சொத்து வேண்டியிருந்ததைச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரன் எள்ளலாகச் சுட்டியுள்ளார். தன் வயலில் தன் பயிரைத் தின்னும் முயலைச் சிறு கமக்காரன் கொன்றாலும் அது குற்றமாயிற்று. 1723இல் நிறைவேறிய கறுப்புச் சட்டம் முகத்துக்குக் கரிபூசி மான் வேட்டையாடியோருக்கு மரணதண்டனை வரை விதித்தது. அச்சட்டத்தின் வர்க்க உள்ளடக்கத்தை ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக ஆராய்ந்திருப்பதால் ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1831ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துத் தகைமையை நீக்கியது. சட்டப் பத்திரம் பெற்ற எவரும், அத்துமீறலாகாதவிடத்து, வேட்டையாடலாம் என்றாயிற்று. நிலமில்லாதோர் நிலமுடையவரின் அனுமதியைப் பெறாமல் எங்கு சென்று வேட்டையாடுவது? முன்பு பிறப்பும் வருவாயும் வகுத்த எல்லையை இப்போது வேலி வகுத்தது என்பதற்கு மேலாக நிலமற்றோருக்குப் பெரும் மாற்றம் எதுவும் நிகழவில்லை. அனுமதி என்னும் நிறுவனம் இன்றைய வடிவில் தோன்றுவது இங்கேதான். குத்தகை உடன்படிக்கைகளில் வேட்டையுரிமையைப் பிரபுக்கள் தமக்கென ஒதுக்கிக் கொண்டமையால், உழுபவனும் தன் வயலில் அனுமதி வேண்டுவோனாகவே இருந்தான்.

1880ஆம் ஆண்டின் தரைவிலங்குச் சட்டம் இந்நிலையில் ஓர் உடைப்பை ஏற்படுத்தியது. முயல், குழிமுயல் ஆகியவற்றைக் கொல்லும் உரிமை நிலத்தைப் பயிரிடுபவருக்கு எக்காலத்தும் உரியது என்றும், அதனைக் கைவிடச் செய்யும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்றும் அது விதித்தது. ஆனால் இவ்வுரிமை நிலவுடைமையாளரின் உரிமையை நீக்கவில்லை. அதனுடன் ஒருங்கே நிற்கின்றது. மேலும், இச்சட்டத்தின்கீழ்த் துவக்கைப் பயன்படுத்தக்கூடியவர் பயிரிடுபவரும், அவர் எழுத்தில் அதிகாரமளித்த இன்னொருவரும் மட்டுமே. ஆகவே ஒரே வயலில் குழிமுயலுக்குக் கமக்காரரின் ஆளும், பெசன்ற் பறவைக்குப் பிரபுவின் விருந்தினரும், மானுக்கு வேறொருவரும் சட்டப்படியே நிற்க முடியும். நாம் தொடக்கத்திற் கண்ட இருவரின் மயக்கம் சட்டமே ஈன்ற மயக்கமாகும்.

இனி, அனுமதி பெற்றவருக்கு உண்மையில் கிடைப்பது யாது? 1673இல் தோமஸ் எதிர் சொரெல் வழக்கில் பிரதம நீதியரசர் வோன் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டினார். அனுமதி எந்த உடைமையையும் கைமாற்றுவதில்லை. அனுமதியின்றிச் செய்தாற் குற்றமாகும் செயலைக் குற்றமற்றதாக்குகிறது, அவ்வளவே. ஒருவரது சோலையில் வேட்டையாட விடுதல் இத்தகையது. கொன்ற மானை எடுத்துச் செல்ல விடுதலோ கொடையாகும். வாய்ச்சொல்லால் தரப்படும் இன்றைய அனுமதியை நிலமுடையவர் வாய்ச்சொல்லாலேயே மீளப் பெறலாம். முறையான பத்திரத்தின் மூலம் வேட்டையுரிமையைப் பெற்ற செல்வரின் நிலை வேறு, அது சொத்துரிமை. எளிய அனுமதியாளர் இருவர் தமக்குள் முரண்படும்போது ஒருவருக்கெதிராக மற்றவர் நாட்டத்தக்க உரிமை ஏதுமில்லை. நீதிமன்றம் அவர்களுக்குப் பயன்படாது. ஆகவே அவ்விடத்தை வழக்காறு நிரப்புகின்றது.

இவ்வழக்காறுகள் எழுதப்படாதவை, எனினும் கண்டிப்பானவை. நிலத்துக்குச் செல்லுமுன் மற்றையவருக்கு அறிவிக்க வேண்டும். முதலில் வந்தவரின் வாகனம் வழமையான இடத்தில் நிற்பின் பின்வந்தவர் திரும்பிச் செல்வார், அல்லது கேட்டுக்கொண்டு மறுகோடிக்குப் போவார். இது மரியாதை மட்டுமன்று. சிறு விட்டமுள்ள றைபிளின் குண்டும் ஒரு மைலுக்கு மேற் செல்லவல்லது. இருளில் விளக்கொளி கொண்டு வேட்டையாடுவோர் மற்றையவர் நிற்குமிடத்தை அறியாதிருத்தல் உயிராபத்தாகும். படலையைக் கண்டவாறே விட்டுச் செல்லல், நண்பரை அழைத்துவராமை, கமக்காரர் வீட்டுக்கு இரண்டொரு பறவைகளைக் கொடுத்தல் ஆகியன எவரும் அறிந்தவை.

காட்டுப்புறா வேட்டையின் நெறி இவற்றிலும் நுட்பமானது. புறாக்கள் தங்கும் தோப்பிலிருந்து இரைதேடும் வயலுக்கு வரும் வான்வழியை நாட்கணக்கிற் கவனித்து, மறைப்பிட்டு, பழந்தமிழில் 'பார்வை' எனப்பட்ட போலிப் பறவைகளை ஒருவர் பரப்பி வைக்கிறார். பின்வரும் இன்னொருவர் அவ்வான்வழியின் இடையிலே தன் மறைப்பை அமைப்பின், முதல்வரின் முயற்சி வீணாகும். நிலவுடைமையாளரின் கண்ணுக்கு இது குற்றமாகவே படாது. இருவருமே அவர் வயலைக் காக்கின்றனர் அல்லவா? வேட்டைக்காரர் மத்தியில் இதைவிடப் பெரிய அவமதிப்பு அரிது. காயப்பட்ட விலங்கு எல்லை கடந்தால் அயல்நிலத்தவரைக் கேட்டே பின்தொடரலாம். 1968ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டப்படி, தக்க காரணமின்றித் துவக்குடன் அயல்நிலம் புகுதல் தனிக்குற்றமாகும்.

பிணக்குகளின் தோற்றுவாய்களை நோக்கின், பேராசைக்கு முன்னதாக அறியாமையே நிற்கக் காணலாம். தந்தை ஒருவருக்கும் மகன் இன்னொருவருக்கும் அனுமதி தந்து, இருவருமே அதை மறந்துவிடுவர். அடுத்த தோற்றுவாய் சற்றுக் கசப்பானது. புதியவர், பழையவர் படலையைத் திறந்து விட்டதாகக் கமக்காரரிடம் கோள் சொல்வார். அல்லது பணம் தர முன்வருவார். இங்கே உழைப்பின் கணக்கொன்று மறைந்து கிடக்கிறது. குழிமுயலும் புறாவும் தானியத்தையும் எண்ணெய்வித்துப் பயிரையும் அழிப்பவை. அவற்றைக் கொல்வோர் கூலியின்றிக் கமக்காரருக்கு உழைக்கின்றனர். வேட்டையே அவர்தம் கூலி. அனுமதி வேண்டுவோர் பெருகப் பெருக, அக்கூலியும் குறைந்து, உழைப்பவனே பணம் செலுத்தும் நிலை தோன்றுகிறது. போட்டி நிலமற்றோருக்கிடையே, ஆதாயம் நிலமுடையோருக்கு. இருவர் பிணங்கித் தன் வாசலுக்கு வந்தால் கமக்காரர் பெரும்பாலும் விசாரிப்பதில்லை, இருவரையும் விலக்கிவிடுவார். இதனை அறிந்தமையாலேயே அனுபவமிக்கோர் பிணக்கை அவரது செவிக்கு எட்டாமல் தமக்குள் தீர்க்கின்றனர். அவர்தம் பண்பாட்டின் மென்மையிற் பாதி அச்சத்தால் விளைந்தது என நாம் கருதுகிறோம்.

நிலவுடைமையாளர் இல்லாதவிடத்து வேட்டைக்காரர் பிணக்கு என்ன வடிவம் கொள்ளும் என்பதற்கு 1805இல் நியூயோர்க் நீதிமன்றம் தீர்த்த பியர்சன் எதிர் போஸ்ற் வழக்கு சான்று. போஸ்ற் வேட்டைநாய்களுடன் துரத்திய நரியைப் பியர்சன் கண்முன்னே கொன்று எடுத்துச் சென்றார். நிலம் எவருக்கும் உரியதல்லாத பாழ்நிலம். துரத்தல் போதாது, கைப்பற்றியவருக்கே நரி உரியது எனப் பெரும்பான்மை நீதியரசர் தீர்த்தனர். மாறுபட்ட நீதியரசர் லிவிங்ஸ்ரன், இத்தகைய வழக்கை வேட்டைக்காரரின் நடுவர் தீர்ப்புக்கே விட்டிருக்க வேண்டும் என்றார். முயற்சிக்கு மதிப்பளிக்கும் வேட்டைக்காரர் நெறி அவருக்கு விளங்கியிருந்தது.

எமது நாட்டிலும் ஒப்புநோக்கத்தக்க சான்றுண்டு. இலங்கை வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல், வேடர் குடும்பங்களுக்கு உரிய வேட்டைநிலங்கள் இருந்தமையைப் பதிவு செய்கிறது. உடன்பிறந்தான் நிலத்திலும் கேளாமல் வேட்டையாடுவதில்லை. துரத்தப்பட்ட விலங்கு எல்லை தாண்டி அயலான் நிலத்தில் வீழ்ந்தால், அவ்விலங்கில் வரையறுத்த ஒரு பங்கு அந்நிலத்துக்குரியவனைச் சேரும். அங்கே அனுமதி தருவோனும் வேண்டுவோனும் இருவருமே வேடர். இன்று கேட்பவன் நாளை கேட்கப்படுவான். இங்கிலாந்தின் வேலியோரத்தில் நிற்கும் இருவருக்கும் அத்தகைய நாளை இல்லை.