செருப்புப் பசையும் இரத்தப் புற்றுநோயும்

"எங்க குடும்பத்துல யாருக்கும் இது கிடையாதே, இவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பரம்பரை என்பார்கள் சிலர். போன ஜென்மத்துப் பாவம் என்பார்கள் சிலர். 'இவர் என்ன வேலை செய்தார்?' என்று கேட்பவர்கள் குறைவு. தோல், செருப்பு, பெயின்ட், பூச்சிமருந்து என்று உழைக்கும் நம் மக்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. அங்கே ஓர் அணு கட்டுப்பாடு இழந்து பெருகினால் லுகேமியா. நெறிகட்டும் இடங்களில் பெருகினால் லிம்போமா. நோய் எதிர்ப்புப் புரதம் செய்யும் அணுக்களில் வந்தால் மைலோமா. இந்தப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து ஒதுக்கத் தேவையில்லை. ஒதுக்கப்படுவதன் வலி நமக்குத் தெரியாததல்ல.

இந்த நோய் எல்லா மக்களிடமும் ஒரே அளவில் வருவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு மைலோமா வருவது வெள்ளையர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலை நாட்டு முதியவர்களிடம் அதிகம் காணப்படும் ஒருவகை நாள்பட்ட லுகேமியா ஜப்பானியர்களிடம் மிகக் குறைவு. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களிடமும் குறைவுதான். இங்கே மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதே ஜப்பானின் தென்மேற்கில் உள்ள கியூஷு தீவில் வேறொரு லுகேமியா அதிகம். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் செல்லும் ஒரு வைரஸ் அதற்குக் காரணம். 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்த சில ஆண்டுகளில், உயிர் தப்பியவர்களிடையே லுகேமியா பெருகியது. அங்கே காரணம் கதிர்வீச்சு.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை என்பதும் உண்மை. ஆனால் சந்தேகமின்றி நிரூபிக்கப்பட்ட காரணம் ஒன்று உண்டு. பென்சீன் என்ற இரசாயனம்தான் அது. அதன் கதை செருப்புத் தொழிலாளர்களின் கதை.

துருக்கியின் இஸ்தான்புல் நகரில், காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் செருப்பு தைத்தவர்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து புதுவகைப் பசையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சீக்கிரம் காயும் அந்தப் பசையில் பென்சீன் இருந்தது. முசாஃபர் அக்சோய் என்ற மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளிகளின் தொழிலைக் குறித்து வைத்தார். 1967 முதல் 1973 வரை 26 செருப்புத் தொழிலாளர்களுக்குக் கடுமையான லுகேமியாவோ அதன் முன்நிலையோ இருந்ததைக் கண்டார். லட்சம் பேருக்கு 13 என்ற அந்த அளவு, பொதுமக்களைவிட இரு மடங்குக்கும் மேல். 1974இல் அவர் இதை வெளியிட்டார். பசையிலிருந்து பென்சீன் விலக்கப்பட்ட பின் சில ஆண்டுகளில் நோயும் குறைந்தது. 'என்ன வேலை?' என்று ஒரு மருத்துவர் கேட்டதால் வெளிவந்த உண்மை இது.

செத்த மாட்டின் தோலைத் தொடுபவன் தீட்டு என்று சொல்லித்தான் இந்தத் தொழிலை நம் முன்னோர் தலையில் கட்டினார்கள். இன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளின் தோல், காலணித் தொழிற்சாலைகளில் தலித் பெண்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். இங்குள்ள எல்லாப் பசையிலும் பென்சீன் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டு அறிவது தொழிலாளியின் சட்டப்படியான உரிமை என்றே சொல்கிறோம்.

பெட்ரோலிலும் கொஞ்சம் பென்சீன் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் கையில் ஒட்டிய கிரீஸைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். பீடி, சிகரெட் புகையிலும் அது இருக்கிறது. வயலிலும் கவனம் தேவை. லிண்டேன் என்ற பூச்சிமருந்து லிம்போமாவை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. அது இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அது புழக்கத்தில் இருந்த காலத்தில் வெறுங்கையால் கலந்து, முகத்தை மூடாமல் அடித்தவர்கள் யார்? நிலத்தின் சொந்தக்காரர்களா, கூலிக்குப் போன நம்மவர்களா?

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், காரணமில்லாத சோர்வு, ஈறில் இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலில் கருநீலத் திட்டு, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி. இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பணக்கார நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் மிகப் பரவலான லுகேமியாவில் 100க்குச் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். தாமதமாகப் போவதும், கூலி போகிறதே என்று சிகிச்சையைப் பாதியில் விடுவதும்தான் நம் பிள்ளைகளின் உயிரைப் பறிக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு.

மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்தக் கம்பெனியில், எந்தப் பிரிவில், எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்லி, நோயாளிச் சீட்டில் எழுத வையுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பென்சீனால் வரும் நோய்கள் இழப்பீட்டுக்கான சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றவை. ஆனால் வேலைக்கான ஆதாரம் கையில் இல்லையென்றால் அந்தச் சட்டம் உதவாது. படித்த பிள்ளைகள் இன்றே அப்பா, அம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் இதை எழுதி வைக்கலாம்.