"வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயா?"

சைக்கிளில் போகிறவனுக்கு உலகத்தில் இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று எதிர்க்காற்று, மற்றொன்று வழியில் அகப்படுகிறவர்கள் சொல்லும் வார்த்தை. எதிர்க்காற்றாவது நாம் வீடு திரும்பும்போது முதுகுப் பக்கமிருந்து தள்ளி உபகாரம் செய்யும். வார்த்தைக்கு அந்தக் குணம் கிடையாது; போகும்போதும் குத்தும், வரும்போதும் குத்தும். பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளிலேயே போய் வருகிற உபாத்தியாயர் என்ற ஹோதாவில் இதைச் சொல்லுகிறோம்.

முதலில், சைக்கிள்காரர்களுக்குள் வழங்கும் பரிபாஷையைச் சற்றுக் கவனிப்போம். 'மிதிவண்டி' என்ற நல்ல தமிழ்ப் பெயர் பாடப் புஸ்தகத்திலும் அரசாங்க உத்தரவிலும் நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழர்களிடையே 'துவிச்சக்கர வண்டி' என்ற பெயர் உண்டு. ஆனால் பழுது பார்க்கும் கடைக்குப் போய், "ஐயா, மிதிவண்டியின் சக்கரம் நெளிந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "வீல் பெண்டு, கோட்டம் எடுக்கணும்" என்றால்தான் கையில் ஸ்பானரை எடுப்பார்.

இந்தப் பரிபாஷையில் நமக்கு மிகவும் பிடித்தமான பதம் 'ஓவராயில்.' வண்டியை அக்கக்காய்ப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் அடைத்து மறுபடியும் பூட்டுகிற காரியத்துக்கு இது பெயர். 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல்தான் எண்ணெயும் பிசுக்குமாகக் கிடக்கும் கடையில் புகுந்து 'ஆயில்' ஆகிவிட்டது. இதைப் பிழை என்று சிவப்பு மசியால் அடிக்க நமக்கே மனம் வரவில்லை.

'குரங்குப் பெடல்' என்பதோ முழுக்க முழுக்க நம்மவர் சிருஷ்டி. காலைத் தூக்கி பாருக்கு மேலே போட உயரம் போதாத பையன், பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மற்றொரு கையால் சீட்டையும் பற்றிக்கொண்டு, உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்க மிதிக்கிற வித்தை அது. மணிக் கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துப் பழகிய நம் வயதினருக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. 2024-ஆம் வருஷத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படமும் வெளிவந்தது.

இவை உள்ளே இருப்பவர்கள் பேசும் பாஷை, காதுக்கு இனிமையானவை. வெளியே இருப்பவர்கள் பேசுவதுதான் எரிச்சல்.

"அண்ணே, சக்கரம் சுத்துது!" என்று தெருப்பையன் கத்துவான். திடுக்கிட்டுக் குனிந்து பார்ப்போம். சுற்றத்தான் சுற்றுகிறது! இதை மன்னித்துவிடலாம். "என்ன சார், இன்னும் சைக்கிள்தானா?" என்று கேட்கிற கனவானை மன்னிப்பது சற்றுக் கஷ்டம். வண்டி வாங்க வக்கில்லாதவன், அல்லது சர்க்கரை வியாதிக்காரன் - இரண்டில் நாம் எது என்று அவர் தெரிந்துகொண்டாக வேண்டும். "கொஞ்சம் கொடுங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று வாங்கிப் போகிறவரின் 'இதோ' எத்தனை நாழிகை என்பதைப் பஞ்சாங்கமும் சொல்லாது.

ஆனால் 'தானே' என்கிற ஒட்டுச் சொல் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. "சைக்கிள்தானே!" என்று யாரேனும் சொன்னால் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ள வேண்டும். 1991, 1992-ஆம் வருஷங்களில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கம் அளித்தார். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் ஆயிரக் கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். ஊரார் பேசாமலா இருந்தார்கள்? கேலியும் ஏச்சும் காதில் விழத்தான் செய்தன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு ருசிகரமான விஷயத்தை எழுதியிருக்கிறார்: பெண்கள் சைக்கிள் போதுமானபடி கிடைக்காததால், ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், அதன் பாரில் குழந்தையை உட்கார்த்திக்கொள்ளலாம் என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்களாம். 'லேடீஸ்', 'ஜெண்ட்ஸ்' என்ற பரிபாஷையை அவர்கள் அவ்வளவு சுலபமாக ஓரம் கட்டினார்கள்.

பிறரைக் குறை சொல்லிக்கொண்டே போகிறோம்; நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில், ஆறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறவள். 'விலையில்லா மிதிவண்டி' என்பது காகிதத்தில். பேருந்தில் வரும் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'ஓசி சைக்கிள்.' "செயின் கழன்றுவிட்டது, சார்" என்றாள். "சைக்கிள்தானே? மாட்டிக்கொண்டு வர எத்தனை நிமிஷம்?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவள் ஒன்றும் பேசாமல் கையைக் காட்டினாள். கிரீஸுக்கு நடுவே முழங்கை வரையில் சிராய்ப்பு. பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கியதில், ஓரத்து ஜல்லியில் இறங்கி விழுந்திருக்கிறாள். லாரிக்காரர் தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத சைக்கிள்காரர் இல்லை. நாமும் பல தடவை கேட்டுச் சிரித்திருக்கிறோம். அன்று சிரிப்பு வரவில்லை. வெளியே கிளம்புகிறவன் "போகிறேன்" என்று சொல்லலாகாது, "போய் வருகிறேன்" என்றே சொல்ல வேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த 'வருகிறேன்' என்பதை வாங்கிக்கொண்டுதான் தாய்மார்கள் வாசலிலிருந்து உள்ளே போகிறார்கள். அதையே எடுத்து, 'நீ திரும்பப் போவதில்லை' என்ற பொருளில் ஒரு குழந்தையின் முகத்தில் எறிவதா?

வகுப்பின் முன்னிலையிலேயே அவளிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். மாலையில் அவள் செயினைச் சரிபார்த்து ஏறி உட்கார்ந்து, "போயிட்டு வரேன், சார்" என்றாள்.

மோட்டாரில் செல்லும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். சைக்கிளைக் கடக்கும்போது ஓர் ஆள் படுக்கும் அகலம் இடம் விடுங்கள். அவர்கள் எல்லோரும் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.