ராணியம்மா, பட்டு எங்கே?

சத்தம் போடாமல் இந்தத் திரைக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். வெர்சாய் அரண்மனை. படத்துக்காக உட்கார்ந்திருப்பவர் பிரான்ஸின் ராணி மரி அந்துவானெத். தூரிகையோடு நிற்பவர் எலிசபெத் விஜே லெப்ரன். இருவரும் 1755இல் பிறந்தவர்கள். வேலைக்கு நடுவே என்ன செய்கிறார்கள் தெரியுமா? இசையமைப்பாளர் கிரெட்ரியின் பாட்டுகளை ஜோடி சேர்ந்து பாடுகிறார்கள்! ஓவியர் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் பெட்டி கவிழ்ந்து தூரிகைகள் சிதற, அவரைக் குனியவிடாமல் ராணியே பொறுக்கிக் கொடுத்தாராம். பிற்காலத்தில் ஓவியரே எழுதிவைத்த கதை. கொஞ்சம் பெருமை கலந்திருக்கலாம், போகட்டும்.

இந்தக் கொஞ்சலெல்லாம் படத்தில் வராது. 1778இல் வரைந்து வியன்னாவிலிருந்த தாய் மரியா தெரேசாவுக்கு அனுப்பிய படம் இருக்கிறதே, அம்மாடி! 2.7 மீட்டர் உயரம். இடுப்பின் இருபுறமும் கூடு கட்டி விரித்த வெள்ளை சாட்டின் பாவாடை, மெத்தைமேல் கிரீடம், பெரிய தூண், மேலே கணவர் பதினாறாம் லூயியின் சிலை. இத்தனைக்கும் நடுவே முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

1783இல்தான் வேடிக்கை. அந்த ஆண்டுதான் ஓவியருக்கு ராணியின் தயவில் அரச கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. லூவர் கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த ராணி படத்தில் கிரீடம் இல்லை, ஒரு பொட்டு நகை இல்லை. வைக்கோல் தொப்பி, தொளதொளவென்ற வெள்ளை மஸ்லின் கவுன், இடுப்பில் மெல்லிய துணிப்பட்டை, கையில் ரோஜா. ராணி தன் தோட்ட மாளிகையில் ஆசையாகப் போட்டுக்கொள்ளும் உடைதான். ஆனால் ஊர் பார்க்கும் சுவரில் மாட்டினால்? ராணி உள்ளாடையோடு படத்துக்கு உட்கார்ந்துவிட்டார் என்று பாரிஸ் கொந்தளித்தது. பருத்தியைக் கட்டிக்கொண்டு லியோன் பட்டு நெசவாளர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார் என்று இன்னொரு முணுமுணுப்பு.

படத்தை இறக்கினார்கள். அவசரமாக இன்னொன்று தயாரானது. அதே முகம், அதே ரோஜா. உடை மட்டும் நீலச்சாம்பல் பட்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்து. வாய்கள் மூடிக்கொண்டன! ஊருக்கு வேண்டியிருந்தது அந்தப் பட்டுதான் என்று தோன்றுகிறது.

சீமாட்டிகள் எல்லாம் இப்படி அகப்பட்டுக்கொள்ளவில்லை. கிராமோன்-கதெருஸ் சீமாட்டியின் கருங்கூந்தலுக்குப் பவுடர் பூசாமலே வரைந்தார் விஜே லெப்ரன். அம்மணி அதே தலையோடு நேரே நாடகம் பார்க்கப் போனார். திட்டு விழவில்லை, மற்றவர்களும் அப்படியே தலைவாரத் தொடங்கினார்கள். ராணியாக இல்லாததில் எவ்வளவு வசதி!

1787இல் ராணி உஷார். சிவப்பு வெல்வெட், ரோம விளிம்பு, சுற்றிலும் பிள்ளைகள். வைரமாலை மோசடி வழக்கில் பெயர் கெட்டிருந்ததால் கழுத்தில் மாலை கிடையாது. நகைப்பெட்டியோ பின்னால் நிழலில். ஆனாலும் கூட்டம் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் படம் கண்காட்சிக்கு நேரத்தில் வரவில்லை, வெறும் சட்டம் மட்டும் சுவரில் தொங்கியது. அரசாங்கக் கஜானாவோ காலி. பார்க்க வந்த ஒருவர் அந்தச் சட்டத்தைக் காட்டி, பற்றாக்குறை இதோ இங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம்!