ரிட்டயர்மென்ட் நாளில் வந்த சிக்கல்!

கடை பில் முதல் ஆபீஸ் கணக்கு வரை தகவல்களைச் சேமித்துவைக்கும் இலவச டேட்டாபேஸ் மென்பொருள், போஸ்ட்கிரெஸ். தனி முதலாளி கிடையாது. பல நாட்டு புரோகிராமர்கள் சேர்ந்து வளர்ப்பது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருடம்தான் அப்டேட்.

2019-ல் வந்த 12-ம் பதிப்புக்கு 2024 நவம்பர் 14 அன்று கடைசி அப்டேட், 12.21. ஆனால், அதிலேயே கோளாறு! கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சில எக்ஸ்டென்ஷன்கள் தடுமாறின. 17-ம் பதிப்பு வரை இதே கதை.

'12-க்குத்தான் காலம் முடிந்ததே' என்று கைகழுவியிருக்கலாம். செய்யவில்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று அதற்கும் சேர்த்தே திருத்தம் வந்தது: 12.22.

உங்கள் ஆபீஸ் சர்வரில் இன்னும் 12 ஓடுகிறதா? அதற்கு இனி செக்யூரிட்டி அப்டேட் வராது பாஸ்!