பழைய ஜீப்புக்குப் புது ஒயரிங்

போடிமெட்டுச் சாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடியுமுன்னே கிளம்பி இருட்டும் வேளையில் இறங்குகிறவை. 17 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குதான் வழிகாட்டி. நான் போடியில் ஆட்டோ எலக்ட்ரீசியன். பட்டறைக்கு வரும் டிரைவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: “அண்ணே, லைட்டு மங்கலா எரியுதுண்ணே. பெரிய பல்பா மாத்தி விடுங்க.”

பெரிய பல்பு போட்டால் வெளிச்சம் சொல்லும்படி கூடாது; ஒயர்தான் சூடாகும்.

மகேந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. பியூஜோ டீசல் எஞ்சின் வைத்த எம்எம் 540 வந்தது 1985-ல். இன்றும் மலையில் ஓடும் பல ஜீப்புகளின் ஒயர்கள் 30, 40 வருஷம் வெயிலும் மழையும் டீசலும் பட்டவை. மேலுறை காய்ந்து, மடக்கினால் உடைகிறது. உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவர் ஒரு துண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்.

பழைய ஜீப்பில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் நேராகப் போவதில்லை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு அம்மீட்டர், அங்கிருந்து லைட் சுவிட்ச், பிறகு காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச், மறுபடி முன்பக்கம் வந்து பல்பு. ஹை பீமில் 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். தேய்ந்த சுவிட்ச் முனைகள் தின்பது தனி. பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். கம்பியைச் சூடாக்கி ஒளி தரும் பல்பின் இயல்பு அது.

இதற்கு மருந்து ரிலே. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-ஆம் முனையிலிருந்து பல்புக்கு. பழைய சுவிட்சிலிருந்து வரும் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இனி சுவிட்சுக்கு வேலை ரிலேயைத் தட்டி எழுப்புவது மட்டும்தான். கால் ஆம்பியர்கூட அதன் வழியே ஓடாது. இந்த எண்கள் ரிலேயின் அடியிலேயே பொறித்திருக்கும்.

ஒயர் வாங்கும்போது வீட்டு ஒயரைத் தொடாதீர்கள். தடித்த இழைகள் வண்டியின் அதிர்வில் முறியும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த ஆட்டோ ஒயர்தான் வேண்டும். ரிலேக்கும் ஹெட்லைட்டுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர், இண்டிகேட்டருக்கும் டெயில் லேம்புக்கும் 1, டீசல் எஞ்சினின் ஹீட்டர் பிளக்குக்கு 6. நான்கு ஹீட்டர் பிளக்கும் சேர்ந்தால் 40 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். கடையில் மலிவு விலையில் காட்டும் சுருளில் ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறமாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கரண்டும் குறைவாகக் கடத்தும், சீக்கிரம் அரித்தும் போகும். அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நிறத்திலும் சிக்கனம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒயரே போட்ட வண்டியில் பழுது தேடுவது எப்பேர்ப்பட்ட வேதனை என்பது அதைத் தேடியவனுக்குத்தான் தெரியும்.

கருவிகளில் நான் மிக முக்கியமாகச் சொல்வது ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். பலர் ஒயர் முனையில் மாட்டும் லக்கைக் கொறடாவால் நசுக்கிவிட்டு, சந்தேகத்துக்கு ஈயமும் பற்றவைக்கிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைக்க வைத்துவிடும். விறைத்த இடம் முடிந்து நெகிழ்ந்த இடம் தொடங்குகிற புள்ளியில் அது ஆடி ஆடி முறியும். கரடுமுரடான மலைப்பாதையில் இது கண்டிப்பாக நடக்கும். சரியாக கிரிம்ப் செய்த லக்கைக் கையால் பலமாக இழுத்தாலும் கழலாது. அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், உள்ளே பசை தடவிய வகையாக இருந்தால் தண்ணீர் புகாது. இன்சுலேஷன் டேப்பை ஜாயின்ட்டில் சுற்றுவதை விட்டுவிடுங்கள். எஞ்சின் சூட்டில் பசை இளகி அது தானாகவே பிரிந்து விழும்.

மற்றபடி ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒயர் ஸ்ட்ரிப்பர், உப்புத்தாள், கம்பி பிரஷ், ஒயரைப் பாதுகாக்கும் மடிப்புக் குழாய், ரப்பர் கிராமட். ஃபியூஸ் பெட்டியும் ரிலே பெட்டியும் புதிதாகத்தான் வேண்டும் என்றில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பிரித்த காரிலிருந்து எடுத்த நல்ல பெட்டி கிடைக்கும். ஃபியூஸை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

இனி எர்த். என் அனுபவத்தில் பழைய ஜீப்பின் மின்சாரக் கோளாறுகளுக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. பாடியே திரும்பும் பாதை என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பெயின்ட்டும் துருவும் கரண்டை மறிக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குவது, ஒரு பக்கம் போட்டால் மறு பக்கமும் சேர்ந்து எரிவது எல்லாம், கரண்ட் தன் வழி அடைபட்டதால் பக்கத்து பல்பு வழியாகத் திரும்ப முயல்கிற அறிகுறிகள். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை அறுந்துவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் 200, 300 ஆம்பியர் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் பழுக்கக் காய்ந்து உறை உருகும். டிரைவர் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார், பட்டையைப் பார்க்கமாட்டார்.

சோதிக்க எளிய வழி உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து போல்ட்டை முறுக்கி, அதன் பிறகு வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு முறுக்கக் கூடாது.

வேலையைத் தொடங்கும்போது நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது. பழைய ஒயரிங்கை வெட்டாமல் முழுசாக உருவி, தரையில் விரித்து, ஒவ்வொரு முனையிலும் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். புது ஒயரின் நீளத்துக்கும் கிளைக்கும் அதுவே மாதிரி. டேஷ்போர்டு அம்மீட்டரை நான் வைப்பதில்லை. வண்டியின் மொத்தக் கரண்டும் இரண்டு சின்னத் திருகாணிகள் வழியாக டிரைவர் முன்னால் போவதை என்னால் ஏற்க முடியாது. அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போதும்: நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் எல்லாம் நலம்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் ஒயர் எங்கே உரசினாலும் ஃபியூஸ் போகும். அதற்கு முன்னால் உரசினால் ஒயர் எரியும். தடுப்புத் தகட்டில் துளை வழியாக ஒயர் நுழையும் இடங்களில் கிராமட் இல்லாமல் விடவே கூடாது. கப்ளருக்குப் போகும் ஒயர் கீழே தொய்ந்து பிறகு மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராகப் பூட்டாதீர்கள். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எரியாவிட்டால் தைரியமாகப் பூட்டலாம்.

ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணைக் கூசவைக்கும் எல்இடி பட்டைக்குச் செலவழிக்கும் பணத்தில், முதலில் ஒரு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை டிரைவரின் கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். பழைய டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆனபின் கரண்ட் இல்லாமலேயே ஓடும் என்பதால், ஆபத்து நேரத்தில் ஸ்டாப் கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தச் சுவிட்சைத் திருப்ப வேண்டும். தினமும் ஏறி இறங்கும் தொழிலாளர்களுக்கும் அந்த இரண்டையும் காட்டிக்கொடுங்கள்.