மலாக்காவின் பெயர் தாங்கிய வைரஸ்

2006 மார்ச்சில் மலாக்காவைச் சேர்ந்த ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் மூச்சுக்குழாய்த் தொல்லையும் வந்தன. ஏறக்குறைய ஆறு நாள் கழித்து அவர் குடும்பத்தில் இன்னும் இருவர் படுத்தார்கள். சளிக்காய்ச்சல் என்று விட்டிருக்கலாம், ஆய்வாளர்கள் விடவில்லை. துருவி விசாரித்ததில் ஒன்று தெரிந்தது: காய்ச்சலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு வீட்டுக்குள் ஒரு வௌவால் புகுந்திருக்கிறது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் இதெல்லாம் ஒரு செய்தியா? ஜன்னலைத் திறந்து, துடைப்பத்தால் விரட்டிவிட்டுப் படுத்துவிடுவோம்.

நோயாளியிடமிருந்து பிரித்த கிருமி ரியோ வைரஸ் இனத்தது. மனிதருக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது என்று கருதப்பட்ட இனம் அது. ஆனால் இந்தக் கிருமி முன்பு மனிதரிடம் கண்ட வகைகளோடு ஒத்துப்போகவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

விடை ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தியோமான் தீவில் கிடைத்திருந்தது. 1998-99இல் நிப்பா நோய் மலேசியாவில் 105 உயிர்களைக் குடித்தது. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த இந்தியர்களும் அதில் சிக்கினார்கள். நிப்பாவைக் கண்டுபிடித்த டாக்டர் சுவா காவ் பிங், அதன் இருப்பிடம் தேடித் தியோமானுக்குப் போனார். வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, விழுந்த சிறுநீரைத் துளித்துளியாகச் சேகரித்தார்கள். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து அப்போது புலாவ் என்ற ரியோ வைரஸும் கிடைத்தது. மலாக்காக் கிருமியின் மரபணு வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் நெருங்கிய பங்காளிகள். 1968இல் ஆஸ்திரேலியாவில் ஒரு வௌவாலிடம் கண்ட நெல்சன் பே வைரஸும் அதே வம்சம்தான்.

நோயாளி எவரும் இல்லாதபோது சேர்த்து வைத்த துளிகளே நோயின் ஊரைச் சொல்லின. இத்தகைய களப்பணிக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் அரசுகள் இதைப் பார்க்க வேண்டும். எல்லா வைரஸின் ஊரும் இப்படித் தெரிந்துவிடுவதில்லை; ஹெபடைடிஸ் சி-க்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1989இல் அடையாளம் கண்ட அந்த வைரஸில் எட்டு மரபணு வகைகள் உண்டு. மலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் வகையின் வேர் தெற்காசியாவை நோக்கிப் போகிறது. அதன் நெருங்கிய உறவு குதிரைகளிடம் கிடைத்தும், மனிதருக்குள் அது நுழைந்த வாசல் இன்னும் பிடிபடவில்லை.

வௌவாலை அடித்துக் கொல்லத் தேவையில்லை. நம் டுரியான் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதும் அதுதான். வெறுங்கையால் தொடாதிருப்பது நல்லது. தியோமான் தீவினர் 109 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 14 பேரிடம் புலாவ், மலாக்கா கிருமிகளுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. மலாக்கா வீட்டுக்கு வந்தது, மனிதரை முன்பே தொட்டுப் பழகிய வம்சம்.