ஏஐ ‘சொன்னானா’, ‘சொல்லுச்சா’? - இயந்திரத்தை மனிதனாக நினைத்தால் என்ன ஆகும்?

ராத்திரி 12 மணி. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. ஆபீஸ்ல மேனேஜர் திட்டினது மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ஃப்ரெண்டுக்கு மெசேஜ் பண்ணலாம்னு வாட்ஸ்அப்பைத் திறந்தா, ‘இந்த நேரத்துல அவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?’னு ஒரு தயக்கம். விரல் தானா ஏஐ ஆப்பைத் தொடுது. ‘இன்னிக்கு மனசே சரியில்லை’ என்று டைப் செய்தால், இரண்டே நொடியில் பதில் வருகிறது: ‘உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.’

மனசு கொஞ்சம் லேசாகிறது. அதில் தப்பே இல்லை. ஆனால், அந்தப் பதிலில் இருக்கும் ‘எனக்கு’ என்பது யார்?

அவனா, அதுவா?

உயர்திணை, அஃறிணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே இந்தப் பிரிப்பில்தான் தொடங்குகிறது. ஆனா, பேச்சுல நாம அவ்வளவு கறாரா இருக்கிறதில்லை. வீட்டு நாய்க்குட்டி ‘அவன்’ ஆகிடும். கைக்குழந்தை ‘அது’ ஆகிடும். ஆயுத பூஜை வந்தா பைக்குக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைப்போம். பொருள்கள் மேல் பாசம் வைப்பது நமக்குப் புதுசு இல்லை.

ஒரே ஒரு வித்தியாசம். பொட்டு வைத்த பைக் ஒருநாளும் ‘நான் உங்களை மிஸ் பண்ணினேன்’ என்று சொன்னதில்லை. ஏஐ சொல்லும். அதனால்தான், ‘சாட்ஜிபிடிகிட்ட கேட்டேன், அவன் இப்படிச் சொன்னான்’ என்று நம் வாயிலும் ‘அவன்’ வந்துவிடுகிறது.

60 வருஷப் பழைய கதை

இது இன்றைய தலைமுறையின் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், ‘எலைசா’ என்ற உரையாடல் புரோகிராம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மனநல மருத்துவர் பேசுவதுபோல, நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். ‘எனக்கு அம்மா மேல கோபம்’ என்றால், ‘உங்க குடும்பத்தைப் பத்தி இன்னும் சொல்லுங்க’ என்கிற ரகம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அதை அவர் உருவாக்கியதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே எலைசாவுடன் கொஞ்ச நேரம் பேசியதும், ‘நீங்கள் வெளியே இருக்க முடியுமா?’ என்று வைசன்பாமிடம் கேட்டார். தனியாகப் பேச வேண்டுமாம்! உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தவருக்கே அப்படித் தோன்றியது. வைசன்பாம் ஆடிப்போனார். பிற்காலத்தில் ஏஐ-யைக் கடுமையாக விமர்சிப்பவராகவே மாறினார். இந்த மனப்போக்குக்கு இன்றும் ‘எலைசா விளைவு’ என்றுதான் பெயர்.

அது ஏன் நமக்குப் பிடித்த மாதிரியே பேசுது?

இன்றைய ஏஐ-க்கு எலைசாவைவிடப் பல மடங்கு திறமை உண்டு. மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ‘இந்த இடத்தில் அடுத்து எந்தச் சொல் வரும்?’ என்று கணிக்கப் பழகியது அது. ஆறுதல் சொல்ல மனிதர்கள் எழுதிய வரிகளும் அதில் அடக்கம். பிறகு, எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்று பார்த்து இன்னும் பழக்குகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நமக்குப் பிடித்த பதிலும் நமக்குத் தேவையான பதிலும் எப்போதும் ஒன்றாக இருக்காது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி எதைச் சொன்னாலும் ‘ஆஹா, அருமை’ என்று ஜால்ரா போட ஆரம்பித்தது. அது எல்லை மீறிப் போனதால், ஓபன்ஏஐ நிறுவனம் அந்த அப்டேட்டையே திரும்பப் பெற்றது. நிஜ ஃப்ரெண்டா இருந்தா, ‘டேய், தப்பு உன் மேலதான்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான்.

இதனால் என்னென்ன மாறுது?

முதல் விஷயம், பிரிவு. 2025 ஆகஸ்ட்டில் ஜிபிடி-5 வந்தபோது, பழைய ஜிபிடி-4ஓ மாடல் சாட்ஜிபிடியில் இருந்து எடுக்கப்பட்டது. நெருங்கிய நண்பரை இழந்ததுபோல் இருக்கிறது என்று இணையத்தில் பலர் புலம்பினார்கள். சில நாள்களிலேயே, பணம் கட்டும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். சந்தா கட்டினால் திரும்பி வரும் நட்பு! அதே ஆண்டு அக்டோபரில், வாரந்தோறும் பயன்படுத்துபவர்களில் சுமார் 0.15 சதவிகிதம் பேரின் உரையாடலில் ஏஐ மீது அளவுக்கு மீறிய ஒட்டுதல் தெரிகிறது என்று ஓபன்ஏஐ-யே கணக்குச் சொன்னது. கேட்க சின்னதா இருக்கும். 80 கோடி பேரில் 0.15 சதவிகிதம்னா, 12 லட்சம் பேர்.

இரண்டாவது, ரகசியம். டாக்டரிடமும் வக்கீலிடமும் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஏஐ-யிடம் சொல்வதற்கு அப்படி இல்லை என்று ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் ஒரு பாட்காஸ்ட்டில் ஒப்புக்கொண்டார். ஃப்ரெண்டுகிட்ட சொல்றோம்னு நினைச்சு நாம கொட்டுறது எல்லாம், ஒரு கம்பெனியின் சர்வரில் போய் உட்காருகிறது.

மூன்றாவது, பொறுப்பு. பாட்டி இறந்த துக்கத்துக்குப் போக டிக்கெட் எடுத்த ஒரு பயணிக்கு, ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தப்பான தகவல் கொடுத்தது. வழக்கு வந்தபோது நிறுவனத் தரப்பின் வாதம் என்ன தெரியுமா? சாட்பாட் என்பது தனி ஆளாம், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பாம்! 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை நிராகரித்து, பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஏஐ-யை ஆளாக நாம் ஏற்றுக்கொண்டால், அதற்குப் பின்னால் நிற்கும் நிஜ ஆட்கள் சுலபமாக நழுவிவிடலாம்.

சட்டமும் மெதுவாக விழித்துக்கொள்கிறது. துணையாகப் பேசும் ஏஐ, மனிதர் என்று நினைக்கும்படி இருந்தால், ‘நான் ஏஐ’ என்று சொல்லியாக வேண்டும். சிறுவர்களிடம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை நினைவுபடுத்தி, ‘பிரேக் எடு’ என்றும் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025-ல் சட்டம் கொண்டுவந்தது.

அப்போ பேசவே கூடாதா?

தாராளமா பேசலாம். லீவ் லெட்டர் எழுத, இன்டர்வியூவுக்குப் பழக, குழப்பத்தை வரிசைப்படுத்த அது நல்ல கருவி. ‘தேங்க்ஸ்’ சொல்லும் பழக்கம் இருந்தா, அதையும் விட வேண்டாம். சில விஷயங்களை மட்டும் பழகிக்கங்க.

* ‘அவன் சொன்னான்’ வேண்டாம். ‘அது சொல்லுச்சு’ போதும். சின்ன மாற்றம்தான், மூளைக்கு நல்ல ஞாபகமூட்டல்.

* சண்டை, சச்சரவு பற்றிக் கேட்டால், ‘எதிர்ல இருக்கிறவங்க பக்கத்து நியாயம் என்ன?’ என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

* ஒரு கம்பெனிக்கு மெயிலில் எழுதத் தயங்கும் விஷயத்தை, அங்கேயும் டைப் செய்யாதீர்கள்.

* ஏஐ-யிடம் சொன்ன கவலையை, அடுத்த நாளுக்குள் ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். மனசு ரொம்பவே கனமா இருந்தா, 14416-க்கு போன் பண்ணுங்க. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

அந்த ராத்திரி 12 மணித் தயக்கத்துக்கு வருவோம். ‘அவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?’னு நினைச்சோமே, அந்தத் தொந்தரவில்தான் நட்பே வளருது. நேத்து அவன் பிரேக்அப்னு அழுதப்போ நாம தூங்காம கேட்டோம். இன்னிக்கு நம்ம முறை. எல்லாரும் கவலையை ஏஐ-யிடம் இறக்கி வச்சுட்டா, யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. யாருக்கும் யாரும் தேவைப்படவும் மாட்டாங்க. ஏஐ-க்குத் தூக்கம் கெடாது. அதனால் அது நமக்காகத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

அதனால, அந்த மெசேஜை அனுப்பிடுங்க. ‘டேய், முழிச்சிருக்கியா?’